படிந்தது போக மீதி

அந்த அக்கா எங்கே போனாலும் உட்காருவதற்கு முன் விரலால் ஒரு கோடு இழுப்பாள். நாற்காலியோ, பெஞ்சோ, பஸ் சீட்டோ, கல்யாண வீட்டு ஜமுக்காளத்தின் ஓரமோ, எதுவானாலும் ஆள்காட்டி விரலை ஒரு சாண் தூரம் இழுத்து, நுனியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகுதான் உட்காருவாள். சுத்தக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அழுக்கு இருந்தால் துடைக்கமாட்டாள். பார்த்துவிட்டு அதே அழுக்கின் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொள்வாள். பெரிய கோயிலில் குருக்கள் கொடுத்த விபூதியைக்கூட நெற்றிக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தவள் அவள். குருக்கள் முறைத்தார். "இது சாணிச் சாம்பல், நல்ல சாம்பல்" என்று சொல்லிப் பூசிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மானம் போயிற்று.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருவண்ணாமலையில் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மெஷின். எங்கள் பின்சுவரை ஒட்டி ஒரு ரைஸ் மில். நெல் அவிக்கும் பாய்லருக்கு உமிதான் எரிபொருள். அதன் தகரப் புகைபோக்கி எங்கள் கூரையைவிட நாலைந்து முழம்தான் உயரம். கறுப்பாக, கொள்ளுத் தோல் மாதிரி லேசாக, காலையும் மாலையும் கரி விழும். ரிப்பனில் ஒட்டி, எழுத்துக் கட்டைகளில் ஏறி, e, a, o எல்லாவற்றுக்கும் வயிறு அடைத்துக்கொள்ளும். என் காலை வேலையே குண்டூசியை வைத்துக்கொண்டு எழுத்துகளின் வயிற்றைக் குத்திச் சுத்தம் செய்வதுதான். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே செய்வேன். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு e சரியாக விழாவிட்டால் மார்க் போய்விடும்.

அப்படித் திட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயசு இருக்கும். ஒல்லி. இடுப்பில் எட்டு வயசுப் பெண்ணைத் தூக்கி வைத்திருந்தாள். அவ்வளவு பெரிய பிள்ளையை யாராவது இடுப்பில் வைப்பார்களா என்று நினைத்தேன். உள்ளே வந்தவள் நேரே மூன்றாவது மெஷினின் உறைமேல் கோடு இழுத்தாள். விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இதே தான் பாப்பா. எங்க ஊட்லயும் இதே தான் விழுது."

"அதுக்கு நான் என்னக்கா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வாணாம். இங்கயும் விழுதான்னு பாக்க வந்தேன்."

பார்த்தாகிவிட்டது. போய்விட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. போகும்போது அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. ஈரத் துணியை யாரோ தரையில் மெதுவாக இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அதனால்தான் தூக்கி வந்திருக்கிறாள் என்று அப்புறம்தான் புத்திக்கு எட்டியது.

மில்லின் லைன் வீடுகள் பன்னிரண்டு, பாய்லரின் முதுகை ஒட்டி. அதில் ஆறாவது வீடு அவளுடையது. புருஷன் மில்லில் பாய்லர்காரர். அவர்தான் உமியை அள்ளிப் போடுகிறவர். அவர் கை போடுகிற உமிதான் புகையாகி அவர் மகளின் நெஞ்சுக்குள் போகிறது. வேலையை விட்டால் வீடு போகும். வீட்டை விட்டால் போக இடமில்லை. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்த நிலைமை. பெரியாஸ்பத்திரி டாக்டர் பிள்ளையின் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இடத்த மாத்துங்க" என்று சொல்லிவிட்டாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள்.

"மாத்திர எழுதிக் குடுத்தா மருந்துக் கடையில வாங்கலாம். இடத்த எந்தக் கடையில வாங்கறது, சொல்லு."

புருஷன் நல்ல மனிதர். பேசவேமாட்டார். ஒருமுறை நானே கேட்டேன், உங்களுக்குத் தெரியாதா அண்ணே என்று. "உமி போடறது வரைக்கும்தான் நம்ம வேலை. குனிஞ்சிதான் போடணும். மேல பாத்தா கை சுட்டுக்கும்" என்றார். வேலை முடிந்து வந்ததும் அவர் நெற்றியிலும் அக்கா ஒரு கோடு இழுப்பாள். அவர் தலையைக் குனிந்து காட்டுவார்.

அக்காவிடம் ஓரம் உடைந்த வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று இருந்தது. காலையில் மில்லின் முதல் சங்கு ஊதியதும் அதைக் கூரை ஓட்டின் மேல் வைப்பாள். இரண்டாவது சங்கு ஊதியதும் எடுப்பாள். சரியாக ஒரு மணி நேரம். தட்டில் விழுந்த கரியைக் கோழி இறகால் கூட்டி ஒரு தாளில் கொட்டி மடிப்பாள். தாள் எது தெரியுமா? தினசரிக் காலண்டரில் அன்றைக்குக் கிழித்த தாள். தமிழ் தேதி, இங்கிலீஷ் தேதி, ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. தனியாக எழுத வேண்டியதில்லை. மருந்துப் பொட்டலம் மாதிரி மடித்து பிஸ்கட் டின்னில் அடுக்குவாள். தான் சமைக்கிற உமி அடுப்பின் சாம்பலுக்குத் தனியாக ஒரு டப்பா.

"அது எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"நாளைக்கி ஒருத்தன் கேப்பான்ல, உன் அடுப்புல இருந்து வந்ததுதானேன்னு. என் சாம்பல் வெள்ள. அவங்க சாம்பல் கறுப்பு. என்னுத என்னுதுன்னு ஒத்துக்கணும். அப்பதான் உன்னுத உன்னுதுன்னு சொல்ல முடியும்."

இந்த நியாயத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இப்போது பேப்பரில் புகையைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள், அதிலும் பார்க்கவில்லை.

ஆனால் அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது தட்டு அல்ல, ஒரு கேள்வி. பொட்டலத்தை மடித்து முடித்ததும் ஒவ்வொரு நாளும் கூரைக்கு மேலே அண்ணாந்து பார்த்துக் கேட்பாள்: "படிஞ்சது இது. படியாதது எங்க போச்சி?" முதலில் சும்மா வாய்ப்பாட்டு என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள். எதைப் பார்த்தாலும் அவளுக்கு இதே கேள்விதான். குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது, குப்பை வண்டி எங்கே கொட்டுகிறது, தீபத்தன்றைக்கு மலைமேல் எரிகிற நெய்யின் புகை எங்கே இறங்குகிறது. "போயிடுச்சின்னு சொல்றாங்களே, போறதுக்கு ஒரு எடம் வாணாமா?" என்பாள். எனக்குக் கோபம் வரும். "எங்கயோ போவுதுக்கா, விடுங்க" என்பேன். எங்கயோ என்கிற ஊர் எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று கேட்பாள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அந்தப் பெண்ணுக்கு மூச்சு இழுப்பு அதிகமாயிற்று. அக்கா ஜன்னலில் ஈரத் துண்டு கட்டிப் பார்த்தாள். விடிந்தால் துண்டு கறுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை ரிக்‌ஷாவில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அக்கா டின்னைத் தூக்கிக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தாள். கோடு இழுக்காமலேயே உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

"ஒரு மனு அடிச்சிக் குடு பாப்பா."

"யார் பேருக்கா? கையெழுத்து யாரு போடறது?"

"பேரு இல்லாம போட முடியாதா?"

பெயர் இல்லாத மனு மொட்டை பெட்டிஷன். அதைக் குப்பையில் போடுவதற்கென்றே ஆபீசில் ஒரு கூடை வைத்திருப்பார்கள். சொன்னேன். அவள் கையெழுத்துப் போட்டால் மறுநாள் பாய்லர்காரருக்கு வேலை இருக்காது. லைன் வீட்டில் பன்னிரண்டு குடும்பமும் அதே கதைதான். இருமல் இல்லாத வீடும் கிடையாது, கையெழுத்துப் போடுகிற வீடும் கிடையாது. பெண்ணைப் பார்த்தேன். பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மெஷின்கள் டக்டக் என்று ஓடுகிற சத்தத்திலும் அது கேட்டது.

"நான் போடறேன்க்கா. எங்க இன்ஸ்டிட்யூட்லயும் விழுதுல்ல."

வீரம் ஒன்றும் இல்லை. எனக்குப் போவதற்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான். என் வீடு ஊருக்குள், மில்லிலிருந்து கால் மணி நேர நடை. அங்கே ஒரு தூசு விழாது. அம்மாவும் வேலையில்லாத தம்பியும் நானும் இருந்தோம். பொதுத் தொல்லை என்று தலைப்புப் போட்டு, மூன்று நகல் அடித்து, வருவாய்க் கோட்டத்து ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தேன். நாற்பத்தாறு பொட்டலங்களையும் கூடவே வைத்தேன். மில் முதலாளி வருஷா வருஷம் பொங்கலுக்குத் தன் ஆட்களுக்கு மட்டும் காலண்டர் அச்சடித்துக் கொடுப்பார். ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பில் பொடி எழுத்தில் மில்லின் பெயர். அக்கா விவரமானவள். ஒவ்வொரு தாளிலும் அடியை விரல் அகலத்துக்குக் கத்தரித்துவிட்டுத்தான் மடித்திருந்தாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு ஒருபக்கம் நான், இன்னொரு பக்கம் முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று பட்டை. கத்துகிற ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் "வாம்மா" என்றார், தன் வீட்டுக்கு விருந்து வந்த மாதிரி. ஆர்.டி.ஓ. பொட்டலங்களைப் பார்த்து அசந்துவிட்டார். "தேதி தாள்லயே இருக்கே" என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். இருப்பதிலேயே பருமனான ஒன்றை எடுத்துப் பிரித்தபோது கரி எழும்பி அவர் சட்டைக் கையில் படிந்தது. அவர் ஊதினார். அது போய் முதலாளியின் சட்டையில் உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலாளி சட்டையைத் தட்டிக்கொண்டே அந்தத் தாளை எடுத்தார். திருப்பினார். அடி வெட்டப்படாத தாள். சிவப்பு எழுத்து முழுசாக இருந்தது. அதைப் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நம்ம மில்லுல யாராச்சும் சொந்தக்காரங்க வேலை பாக்கறாங்களாம்மா?"

"இல்லைங்க."

"அதான் கேட்டேன்" என்று தாளைப் பழையபடி மடித்து மேஜையில் வைத்தார். ஆர்.டி.ஓ. பக்கம் திரும்பி, "உத்தரவெல்லாம் எதுக்கு சார். நானே சிம்னிய ஒசத்திக் கட்டிடறேன். செங்கல்லயே கட்டிடறேன். நம்ம ஜனங்கதானே" என்றார். கோப்பு அன்றைக்கே மூடப்பட்டது.

வெளியே வேப்ப மரத்தடியில் அக்கா, வேறு எதற்கோ வந்தவள் மாதிரி, பெண்ணோடு நின்றுகொண்டிருந்தாள். ஜெயித்ததைச் சொன்னேன். அடி வெட்டாத தாளைப் பற்றியும் சொன்னேன். எந்தத் தேதி என்று கேட்டாள். ஆவணி பதினொண்ணு என்றேன். அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அது பிள்ளைக்கு உதடு நீலமாகிப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாள். அன்றைக்கும் தட்டை வைத்திருக்கிறாள், எடுத்திருக்கிறாள், மடித்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறாள்.

"அன்னிக்கி கத்தரிக்கோலு எங்க கீதுன்னே தெரியல பாப்பா" என்றாள்.

பாய்லர்காரருக்கு வேலை போய்விடும் என்று இருவரும் முடிவே கட்டிவிட்டோம். போகவில்லை. போயிருந்தால்கூடத் தேவலை என்று அவள் பிறகு சொன்னாள். லைன் வீடுகளில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு என்று முதலாளிக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் எல்லா ஆட்களும் நிற்கும்போது பாய்லர்காரரைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டாராம். "உங்க ஊட்டம்மா என்கிட்டயே வந்து கேட்டிருந்தா நான் இல்லன்னா சொல்லிருப்பேன்? என் காலண்டர்லயே மடிச்சி எனக்கே குடுத்துட்டாங்களே" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பாய்லர்காரரும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்கு மட்டும் முதலாளி தன் கையாலேயே காலண்டரைக் கொடுப்பார். "ஊட்டம்மாகிட்ட பத்திரமா குடு" என்பார். அந்த மனுஷன் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டி உதைத்தால் திருப்பி ஏதாவது சொல்லலாம், தட்டிக் கொடுத்தால் என்ன செய்வது?

புகைபோக்கி எழும்பியது. ரயிலில் வருகிறவர்களுக்குக் கோபுரத்துக்கு அடுத்தபடி அதுதான் தெரிகிறது என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். இன்ஸ்டிட்யூட்டில் e தெளிவாக விழுந்தது. குண்டூசியைத் தூக்கிப் போட்டேன். லைன் வீட்டு ஓடுகளுக்கு மழையில் கழுவிய சிவப்பு வந்தது. ஆறு மாதத்தில் அந்தப் பெண் தெருவில் பாண்டி ஆடினாள். நானே பார்த்தேன், ஒற்றைக் காலில் தாண்டித் தாண்டிப் போய் மூச்சு வாங்காமல் திரும்பினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். தட்டு வெள்ளையாகவே இருந்தது.

"இப்பவாச்சும் நிம்மதியா இருங்கக்கா" என்றேன்.

"உமி கம்மி ஆயிடுச்சான்னு அவர கேட்டேன். இல்லையாம். ஜாஸ்தியாம், நெல்லு ஊறப்போட புதுசா ஒரு தொட்டி கட்டிருக்காங்களாம். அப்ப அவ்ளோ சாம்பலும் வெளிய வந்துதான ஆவணும்? எங்க போச்சி?"

"மேல போயிடுச்சி. மொதலாளி சொல்றாரு, அண்ணாமலையார் பாத்துப்பாராம்."

"அவருக்கு இதான் வேலையா?" என்றாள் அக்கா.

அவளுக்கு நல்லதே கண்ணில் படாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த நேரத்தில் வேறு சந்தோஷம் இருந்தது. முதலாளி ஒரு தாம்பாளம் பழத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டுப் போயிருந்தார். "தைரியமான பொண்ணு. இந்த மாதிரி குடும்பத்துப் பையன் சும்மா இருக்கலாமா?" என்று அம்மாவிடம் சொல்லி, தம்பிக்கு மில்லில் எடை போடுகிற வேலை கொடுத்தார். அம்மா அழுதுவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்தப் பொங்கலிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரிலும் சிவப்பெழுத்துக் காலண்டர் தொங்கியது.

ஐந்தாறு வருஷம் ஓடியது. எனக்குக் கல்யாணமாகி ஒரு பையன். கணவர் பஸ் கண்டக்டர், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார், அதனால் அம்மா வீட்டிலேயே இருந்தோம். அக்காவைப் பார்ப்பது குறைந்துவிட்டது. மகள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று சர்க்கரைப் பொட்டலத்தோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். அதுவரை எங்கள் தெருவுக்கு அவள் வந்ததே இல்லை. வாசல் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் பழக்கத்தில் விரல் ஓடியது. நின்றுவிட்டாள். திருப்பிப் பார்த்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். அந்தப் பாழாய்ப்போன விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இங்க வந்துடுச்சா" என்றாள்.

தொலைந்துபோன ஆடு கிடைத்துவிட்ட மாதிரிதான் சொன்னாள். அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. முகம் மாறிவிட்டது.

நான் கவனிக்கவில்லையா? கவனித்தேன். துணி காயப்போட்டால் பொடிப்பொடியாக ஏதோ படிகிறது, லாரித் தூசு என்றேன். கொள்ளுத் தோல் மாதிரி இல்லை இது. மாவு மாதிரி இருந்தது. பெரியது எல்லாம் வழியில் விழுந்துவிட்டு, பொடிசு மட்டும் எங்கள் தெரு வரை வந்திருக்கிறது. மறுநாளிலிருந்து தினம் காலையில் கால் மணி நேரம் நடந்து வந்து எங்கள் மொட்டை மாடியில் தட்டை வைத்தாள். சங்கு எங்கள் தெருவுக்கும் கேட்கும். இந்த முறை தன் காசில் கடையில் வாங்கிய காலண்டர். சின்னத் தாள், மடிக்கக் கஷ்டப்பட்டாள்.

ஒரு மாதம் சேர்ந்ததும் சொன்னாள். "ரேடியோல சொன்னாங்க பாப்பா, காத்துக்குன்னே டில்லியில சட்டம் போட்டுட்டாங்களாம். மெட்ராஸ்ல அதுக்குன்னு தனி ஆபீசாம். இந்த வாட்டி கையெழுத்து நானே போடறேன். ஊடு போனா போவட்டும். பொண்ணு தேறிட்டா, இனிமே எங்க வேணா இருந்துக்குவோம்."

போட்டும்விட்டாள். தன் கையாலேயே நாலு வரி எழுதி எடுத்துக்கொண்டு அதே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஊட்ல விழுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றாள். "உங்களுக்கு விழல. விழற தெருவுல இருந்து யாரும் வரல. அப்ப உங்களுக்கு என்னம்மா?" பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. கையெழுத்துப் போட முடியாமல் இருந்தவரைக்கும் அவள் தலையில் விழுந்தது. போட முடிந்தபோது அவளுக்கு விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாள். பையன் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தான். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மனுவை என் பக்கம் தள்ளினாள். எனக்குத் தெரியும், என்ன கேட்கப்போகிறாள் என்று. அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"தம்பிக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்க்கா. தை மாசம். அடி அண்ணாமலை ஊர்ப் பொண்ணு. மில் வேலைன்னுதான் அவங்க சரின்னு சொன்னாங்க."

"ஆமா" என்றாள் அக்கா. "அது முக்கியம்தான்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நிஜமாகவே சொன்னாள். மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்போது பையன் இருமினான். அவள் காது அவன் முதுகுப்பக்கம் தானாகப் போய்விட்டது. அப்படியே சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

"சளிக்கா. பல்லு மொளைக்குதுல்ல" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். பையனின் தலையைத் தடவினாள்.

"நானும் ரெண்டு வருஷம் சளின்னுதான் சொல்லிகினு இருந்தேன் பாப்பா. சளி இல்லன்னு தெரிஞ்சா ஏதாச்சும் பண்ணணும்ல. அதான்."

எழுந்து போய்விட்டாள். திட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. அந்த மனுவும் போகவில்லை. தெருவில் முப்பது வீடு இருந்தது. வேறு யாரையாவது அவள் கேட்டாளா, தெரியாது. அடுத்த வருஷம் பாய்லர்காரர் நெஞ்சு முடியாமல் வேலையிலிருந்து நின்றுகொண்டார். வீட்டைக் காலி செய்து செங்கம் பக்கம் எங்கோ போனார்கள் என்று தம்பிதான் வந்து சொன்னான். எங்கோ என்றுதான் அவனும் சொன்னான்.

இன்றைக்குப் பேப்பரைத் திறந்தால், போன புகை எதுவும் போகவில்லையாம், மேலேயே இருக்கிறதாம், அதனால்தான் இந்த வெயிலாம். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓட்டு வீட்டு வாசலில் அண்ணாந்து நின்ற ஒரு ஒல்லி உருவம்தான் தெரிகிறது. சந்தோஷமாக இல்லை. அவளிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை, சளி.

ஒன்று சொல்லாமல் விட்டேன். அன்றைக்கு அவள் தட்டை எங்கள் மொட்டை மாடியிலேயே விட்டுப் போயிருந்தாள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா, கேட்க எனக்கு வழியில்லை. மறுநாள் காலையில் முதல் சங்கு ஊதியது. யாரும் சொல்லவில்லை, நானாகப் போய்த் தட்டைத் துடைத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன். இரண்டாவது சங்குக்கு எடுத்தேன். விரலால் கோடு இழுத்தேன். இழுத்த இடத்தில் வெள்ளை தெரிந்தது. கீழே இறங்கி வந்து சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தேன். கரியைக் கொட்டி மடிக்கப் போனபோது அடியில் சிவப்பாக மில்லின் பெயர்.

உள்ளே பையன் மறுபடி இருமினான். சளிதான் என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். நான் தையல் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன்.